திருச்சி அச்சு, முப்பத்தேழாம் நம்பர்

லெப்பைக்குடிகாட்டில் வெளிநாடு போய்த் திரும்பியவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மாடி கட்டுவார்கள், பிள்ளைகளுக்கு நிக்காஹ் முடிப்பார்கள், ஆசையாக ஒரு கடை வைத்து இரண்டு வருஷத்தில் மூடுவார்கள். தம்மாமில் பத்தொன்பது வருஷம் அச்சு மெஷின் ஓட்டிவிட்டு 1996-இல் ஊர் திரும்பிய அப்துல் ஹாதி இதில் எதையும் செய்யவில்லை. டீத்தூள் பொட்டலத்தில் வந்த பழைய அட்டைகளைத் தேடி ஊர் ஊராக அலைய ஆரம்பித்தார். "பைத்தியம் பிடிச்சா ஓதிப் பாக்கலாம். இதுக்கு என்னத்த ஓதறது" என்றார் அவர் மனைவி சாகிரா. அவர் சொன்னதில் தப்பில்லை.

அந்த அட்டைகளின் கதை இது. 1963-இல் சேவற்கொடி டீத்தூள் என்று ஒரு கம்பெனி இருந்தது. பெரிய பொட்டலம் வாங்கினால் உள்ளே ஒரு அட்டை இருக்கும். முன்பக்கம் ஒரு சடுகுடு வீரரின் கலர் படம். பின்பக்கம் நம்பர், பேர், ஊர், தாலுகா, எந்தப் பந்தயத்தில் எத்தனை பேரைச் சாய்த்தார் என்று நாலு வரி. மொத்தம் நாற்பத்தெட்டு வீரர்கள். நாற்பத்தெட்டும் சேர்த்துக் கொண்டுவந்தால் சைக்கிள் தருவதாகச் சொன்னார்கள். சைக்கிள் வாங்கினவன் ஒருத்தனையும் யாரும் பார்த்ததில்லை. கம்பெனி அடுத்த வருஷமே காணாமல் போயிற்று.

ஹாதி பன்னிரண்டு வயதில் சேர்த்த இருபத்திரண்டு அட்டைகள் தகரப்பெட்டியில் அப்படியே கிடந்தன. திரும்பி வந்த புதிதில் பொழுது போகாமல் அதைத் திறந்தவர், தென்காசிச் சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே நம்பர், ஒரே ஆள், ஆனால் அச்சு வேறு. மெஷின்காரன் கண்ணுக்கு அது போதும். லென்ஸை எடுத்தவர் பிறகு கீழே வைக்கவே இல்லை.

அட்டைகளை மூன்று ஊர்களில் அச்சடித்திருக்கிறார்கள். சென்னை அச்சு சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் விற்றது. கனமான அட்டை, மை சீராக உட்கார்ந்திருக்கும். சிவகாசி அச்சு தெற்கே போனது. மஞ்சள் தூக்கலாகி எல்லா வீரரும் காமாலை கண்டவர் மாதிரி இருப்பார்கள். நம் பக்கத்துக்கு வந்தது திருச்சி அச்சு. மட்டமான அட்டை, சிவப்பு மை ஒரு நூல் விலகி விழுந்து, ஒவ்வொரு வீரருக்கும் காதோரத்தில் இன்னொரு சிவப்புக் காது முளைத்திருக்கும். மூன்றில் அழகானது சென்னை, அரிதானது திருச்சி. நம் ஜனங்கள் அட்டையை வைத்தா பார்த்தார்கள்? அடுப்புப் பற்றவைத்தார்கள், பல் குத்தினார்கள்.

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அட்டை சேர்ப்பவர்கள் ஹாதிக்குக் கடுதாசி போட்டார்கள். ஓரம் மடங்கியதா, பின்னால் பசை தடவி நோட்டில் ஒட்டியதா, எந்த ஊர் அச்சு, என்ன பெறும் என்று அவர் எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. சென்னை அச்சில் முப்பத்தேழாம் நம்பர் மட்டும் யார் கண்ணிலும் பட்டதில்லை என்பதையும் அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். தன் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளி போகாது என்ற கர்வம் அவருக்கு இருந்தது. வினை அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

2003-இல், ஆடி அமாவாசையன்று, அரியலூர் போனார். பன்னிரண்டாம் நம்பர் அட்டையில் இருக்கும் அண்ணாதுரை உயிரோடு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி போய்ச் சேர்ந்து இருபது வருஷம், பிள்ளை இல்லை. ரயிலடிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. எழுபதை நெருங்கும் வயதிலும் தோள் தோளாகவே இருந்தது. இடது காதின் கீழ்ப்பகுதி மட்டும் பிய்ந்து தொங்கியது. ஜெயங்கொண்டம் பந்தயத்தில் ஒருவன் கடித்தது என்று சிரித்தார். முறுக்கு மீசையோடு இருந்த தன் அட்டையைப் பார்த்ததும் சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார்.

மத்தியானம் ஹாதி அவரை மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார். இலையில் சோறு விழுந்தது. அண்ணாதுரை கை வைக்கவில்லை.

"நீங்க சாப்பிடுங்க பாய். எனக்கு இன்னிக்கு எறங்காது."

"விரதமா?"

"அதெல்லாம் இல்லைங்க. ஆடி அமாவாசைன்னா பன்னெண்டு மணிக்கு வயிறு ரொம்பிடும். பச்சத்தண்ணி குடிச்சிருக்க மாட்டேன், ஏப்பம் வரும். மொச்சக்கொட்டைக் குழம்பு வாசனை அடிக்கும். சுருட்டு வாசனை அடிக்கும். நான் சுருட்டு பிடிக்கறவன் இல்ல. அப்புறம் ஒரு பொம்பள கூப்பிடும். 'ஏங்க, சாப்புட வாங்க'ன்னு. ஒரே ஒரு தடவ."

"எத்தனை வருஷமா?"

"எழுபத்தஞ்சுலேர்ந்து. ஆஸ்பத்திரியில பாத்தாச்சு. சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கிட்டாச்சு. குறி சொல்ற ஒரு கோடங்கிகிட்டயும் கேட்டேன். 'உனக்குத்தான் சோறு போடுறாங்களே, அப்புறம் எப்படிப் பசிக்கும்'னான். அடிக்கப் போயிட்டேன்."

சொல்லிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். அங்கே யாரும் இல்லை. கழுத்து நரம்பு புடைக்க ஒரு நொடி கேட்டுவிட்டு, இலையை மடித்தார். ஹாதி தன் சோற்றை எப்படித் தின்றார் என்று அவருக்கே தெரியாது.

அதே வருஷம் ஐப்பசியில் பூலாம்பாடிக்குப் போனார். முப்பத்தேழாம் நம்பர் பிச்சைமுத்துவின் ஊர் அது. பின்பக்கம் அச்சிட்டிருந்தது: பூலாம்பாடி, பெரம்பலூர் தாலுகா, திருச்சி ஜில்லா. விசாரித்ததில் பிச்சைமுத்து 1962 பங்குனியில் பந்தயத்துக்கென்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், திரும்பவே இல்லை. அப்போது மகன் பெரியசாமி வயிற்றில் மூன்று மாதம். மனைவி பச்சையம்மாளுக்குப் பத்தொன்பது வயது.

பெரியசாமி வயலில் சின்ன வெங்காயம் போட்டிருந்தான். நல்ல மாதிரி. "அப்பா படமா? வாங்க பாய்" என்று உள்ளே அழைத்துப்போனான். நடுவீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த அட்டை இருந்தது. மேலே காய்ந்த மாலை. கண்ணாடியில் குங்குமப் பொட்டு. திருச்சி அச்சு; சிவப்புக் காது.

ஹாதி பழக்கதோஷத்தில் லென்ஸை எடுத்தார். இடது காதின் கீழ்ப்பகுதி பிய்ந்திருந்தது; தன்னிடம் இருந்த பிரதியில் அதை மைக்கறை என்று விட்டிருந்தார். மேலுதட்டில் மீசை இல்லை. ஆனால் மீசை இருந்த இடத்தில் அச்சுப் புள்ளிகளும் இல்லை. படம் பொறித்த உலோக பிளாக்கில் அந்த இடத்தைச் சுரண்டி வழித்திருந்தார்கள். என்ன நடந்தது என்று அவருக்குக் கண்ணால் கண்டது போலத் தெரிந்தது. சென்னையிலிருந்து வந்த பிளாக்குகளில் முப்பத்தேழு உடைந்தோ தொலைந்தோ போயிருக்கும். திருச்சியில் ஒரு புண்ணியவான் பன்னிரண்டாம் நம்பர் பிளாக்கில் மீசையை வழித்து, அதையே முப்பத்தேழுக்கும் ஓட்டிவிட்டான். கீழே பேரை மட்டும் மாற்றினான்.

"இதை எப்ப மாட்டினீங்க?"

"எழுபத்தஞ்சு ஆடி அமாவாசையில. பன்னெண்டு வருஷத்துக்கு மேல காணலன்னா காரியம் பண்ணிரணும்னு பெரியவங்க சொன்னாங்களாம். வேற போட்டோ கெடையாது. அட்டை வந்தப்பவே மூஞ்சி ஒரு மாதிரி இருக்கேன்னு ரெண்டு பேரு சொல்லியிருக்காங்க. பேரு இருக்கு, ஊரு இருக்கு, மூஞ்சி மட்டும் வேறயாவா இருக்கும்னு விட்டுட்டாங்க."

"படையலுக்கு என்ன வைப்பீங்க?"

"அப்பாவுக்குப் புடிச்சது. மொச்சக்கொட்டைக் குழம்பு, ஒரு சுருட்டு. அம்மாதான் எலைய போட்டுட்டுக் கூப்பிடும்."

அடுப்படி வாசலில் பச்சையம்மாள் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் தாலி இல்லை. நெற்றி வெறும் நெற்றி. ஹாதியின் கையிலிருந்த லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹாதி வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதை அவருக்கும் தெரியும். ஆனால் அட்டை தப்பான பேரில் தொங்குவது அவருக்குக் செருப்புக்குள் கிடந்த கல் போல உறுத்திக்கொண்டே இருந்தது. அரியலூர் போய் அண்ணாதுரையிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அண்ணாதுரை தன் பிய்ந்த காதைத் தடவினார். "உசுரோட இருக்கறவன் படத்துக்கா மாலை? முப்பது வருசமா எனக்கா திவசம்?" என்றார். அப்புறம் ஹாதியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பழைய பிடி, வலித்தது. "எப்படியாவது எறக்கிருங்க பாய். உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

இறக்க வேண்டுமென்றால் மாட்டுவதற்கு இன்னொன்று வேண்டும். சிவகாசிக்கும் அந்த வழித்த பிளாக்தான் போயிருந்தது; பிச்சைமுத்துவின் சொந்த முகம் சென்னை அச்சில்தான் இருந்தாக வேண்டும். ஹாதி ஒன்றரை வருஷம் தேடினார். கடைசியில் 2005 வைகாசியில், சென்னையில் பழைய பேப்பர் வியாபாரி ஒருவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் கிடைத்தது. பதிலுக்குத் தன்னிடம் இருந்த திருச்சி அச்சு முழு வரிசையையே கொடுத்தார். சாகிரா அன்று அவரோடு பேசவில்லை. ஹாதியோ லென்ஸை வைத்து அந்த முகத்தை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தார். அகலமான நெற்றி; இடது கண் வலது கண்ணைவிடச் சற்றுச் சிறியது; சிரிப்பு வரும் முன் நிறுத்தியது போன்ற உதடு. மை ஒரு புள்ளி விலகவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு மக்காவில்கூட வந்ததில்லை என்று சொன்னால் பாவம், ஆனால் உண்மை.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் பூலாம்பாடிக்குக் கொண்டுபோனார். பெரியசாமி அட்டையைக் கையில் வாங்கியவன் அழுதுவிட்டான். பிறந்ததிலிருந்து பார்க்காத அப்பன் முகம் நாற்பத்துமூன்று வயதில் கிடைத்தால் யாருக்குத்தான் கண் கலங்காது. சட்டம் மாற்ற உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

பச்சையம்மாள் அப்போதுதான் ஹாதியிடம் முதல்முறையாகப் பேசினார்.

"அவருதான் பாய். நீங்க கொண்டாந்தது அவருதான்."

"தெரியும்மா. அதான் தேடினேன்."

"சொவத்துல இருக்கறது அவரு இல்லேன்னு எனக்கு மொத நாளே தெரியும். கட்டுனவளுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்மா சொல்லல?"

"சொன்னா என்ன ஆவும்? எங்கயாவது அலஞ்சு அவரு படத்தயே வரைஞ்சு கொண்டாந்து மாலை போட்டிருப்பாங்க. தாலிய எடுத்தாங்க, பொட்ட அழிச்சாங்க, சரின்னுட்டேன். அந்த மூஞ்சிக்கு மாலை விழாத வரைக்கும் அவரு எங்கயோ இருக்காருன்னு நான் இருந்துட்டேன். வேற ஒருத்தரு அவருக்குப் பதிலா சாவ வாங்கிட்டாரு. யாரு பெத்த புள்ளையோ, வருசா வருசம் குறை வைக்காம சோறு வச்சேன்." மேஜைமேல் இருந்த அட்டையை ஹாதி பக்கம் தள்ளினார். "நாளைக்கு இந்த மூஞ்சிக்கு மாலை போட்டா அவரு போயிருவாரு பாய். எடுத்துட்டுப் போயிருங்க."

எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அட்டை மேஜைமேல்தான் இருந்தது, கை நீட்டும் தூரத்தில். ஹாதி அண்ணாதுரையை நினைத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பிடி வலித்ததை நினைத்தார். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், சரியான பேருக்குச் சரியான முகம் வந்துவிட்டதே என்ற அந்த மெஷின்காரப் பெருமையை அவரால் விட முடியவில்லை. "அல்லாஹ் நாடுனதுதாம்மா நடக்கும். படம் என்ன பண்ணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் மாலை அரியலூரிலிருந்து போன் வந்தது. "மூணு தடவ சோறு வாங்கினேன் பாய். ஒரு வாசனை இல்ல, ஒரு குரல் இல்ல. உங்க புள்ள குட்டி நல்லாருக்கும்." அண்ணாதுரை குரல் இளவட்டத்தின் குரல் போல இருந்தது. ஹாதி அன்று நிம்மதியாகத் தொழுதார்.

இருபது நாள் கழித்துப் பூலாம்பாடியிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பச்சையம்மாள் உடனே வரச் சொல்கிறார். ஹாதி போனபோது வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். காலையிலிருந்து அலைந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. பெரியசாமி வெங்காய லோடோடு திருச்சிக்குப் போயிருந்தான்.

"அட்டையப் பத்தி நீங்கதான் சொல்லணும்னு அந்தம்மா சொல்லுது" என்றார் போலீஸ்காரர். "ஒரு கோயில் அன்னதானத்துல ஒரு பெரியவரு செத்துட்டாரு. ஆடி அமாவாசையன்னிக்கு. பந்தியில உக்காந்திருக்காரு, எலையில சோறு போட்டாச்சு, கை வைக்கல, அப்படியே சாஞ்சிட்டாரு. பல வருசமா அங்கதான் வாசல்ல கெடந்தாராம், பேரு கேட்டா சொன்னதில்லையாம். யாரும் வரல, அடக்கம் பண்ணியாச்சு. பையில இது ஒண்ணுதான் இருந்துச்சு, பின்னாடி இருந்த பேரையும் ஊரையும் பாத்து வந்தேன்."

பிளாஸ்டிக் உறையை நீட்டினார். ஹாதிக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. திருச்சி அச்சு, முப்பத்தேழாம் நம்பர். நாலு மூலையும் தேய்ந்து வட்டமாகியிருந்தது. பின்பக்கம் ஊர்ப் பேர் இருந்த வரி மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தது. தன் பேருக்கு மேலே யாரோ ஒருவன் முகத்தைப் போட்டு ஊரெல்லாம் விற்றதை அந்த மனிதர் பார்த்திருக்கிறார். எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் திரிந்திருக்கிறார்.

"இது செத்தவரு போட்டோ" என்று அடுத்ததைக் கொடுத்தார். கிழம், தாடி, கண்கள் பாதி மூடியிருந்தன. இடது கண் சிறியது.

ஹாதி நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அங்கே சென்னை அச்சு இல்லை. பழைய சட்டம், பழைய குங்குமம், பிய்ந்த காதோடு அண்ணாதுரை தொங்கிக்கொண்டிருந்தார். பச்சையம்மாள் நிலைப்படியைப் பிடித்தபடி ஹாதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. என்ன சொல்லப்போகிறாய் என்ற கேள்வி மட்டும் இருந்தது.

"அம்மாவுக்கு அடையாளம் தெரியலையாம்" என்றார் போலீஸ்காரர். "நீங்க என்ன சொல்றீங்க?"

பொய் சொல்வது ஹாதிக்கு வராது. அட்டை விஷயத்தில் அவர் பொய் சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

"சார், இது திருச்சியில அடிச்சது" என்றார் மெதுவாக. "அந்த வருஷம் இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கெடந்துச்சு. யாரு பையில வேணும்னாலும் இருக்கும். சொவத்துல இருக்கறதும் இதுவும் ஒரே படம். நீங்களே பாருங்க. அட்டையில இருக்கறவரு வேற, உங்க போட்டோவுல இருக்கறவரு வேற."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் அது எப்பேர்ப்பட்ட பாவம், எப்பேர்ப்பட்ட குனாஹ் என்று சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது. போலீஸ்காரர் இரண்டு காதையும் ஒப்பிட்டுப் பார்த்தார், எழுதிக்கொண்டார், மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் தெரு திரும்பும்வரை பச்சையம்மாள் அசையவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தனை மணிக்குச் சாஞ்சாருன்னு சொன்னாரா?"

"சொல்லலம்மா. பந்தி நேரம்னா பன்னெண்டு இருக்கும்."

"பெரியசாமி பன்னெண்டுக்குத்தான் மாலைய போட்டான். எலைய போட்டுட்டு, நான்தான் கூப்புட்டேன்."

உள்ளே போய் ஒரு பழைய புடவைத் துணியைக் கொண்டுவந்தார். சென்னை அச்சு அதற்குள் இருந்தது. "கொண்டு போயிருங்க. கண்ணாடி வுழுந்து படம் கிழிஞ்சிருச்சுன்னு அவன்கிட்டச் சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்லல, நானும் ஒண்ணும் கேக்கல. அவரு எங்கயோ இருக்காரு." அழுகை வரவில்லை அவருக்கு. ஹாதிதான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

அட்டையை அவர் யாரிடமும் காட்டவில்லை. சிங்கப்பூர்க்காரர் மூன்று முறை எழுதிக் கேட்டும், அப்படி ஒரு அட்டை இருப்பதாகத் தெரியவில்லை என்று பதில் போட்டார். அதற்குப் பிறகு மற்ற அட்டைகளுக்கு வந்த கடுதாசிகளையும் பிரிக்காமல் வைத்தார். சாகிரா ஒருநாள் தானாகவே லென்ஸை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஹாதி அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

2006 ஆடி அமாவாசையன்று ஹாதி அரியலூர் போனார். போகாமல் இருக்க முடியவில்லை. அதே மெஸ், அதே மூலை. அண்ணாதுரை உற்சாகமாக இலையில் தண்ணீர் தெளித்தார். போன வருஷம் மூன்று தடவை சோறு வாங்கியதைப் பரிமாறுகிறவரிடம் சொல்லிச் சிரித்தார். சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. பிசையப் போன கை நின்றது.

"மொச்சக்கொட்டை" என்றார்.

ஹாதி தலையைக் குனிந்துகொண்டார்.

"திரும்ப மாட்டிட்டாங்களா பாய்?"

"ஆமா. நான்தான் விட்டுட்டேன்."

கோபப்படுவார் என்று நினைத்தார். அண்ணாதுரை கோபப்படவில்லை. "போன வருசம் வயிறு முட்டத் தின்னுட்டு ரூமுக்குப் போனேன் பாய். சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்னு. வருசத்துல ஒரு தடவ என்னைச் சாப்பிடக் கூப்பிடுற ஒரே குரல் அதுதான். இருக்கட்டும். எறக்க வேணாம்."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். பூலாம்பாடியில் இலை போட்டாயிற்று. கும்பகோணத்துப் பக்கம் பேரில்லாத ஒரு மண்மேட்டில் கிடப்பவருக்கு அந்தச் சோறு போகாது. போகாதபடி செய்தது யார் என்று ஹாதிக்குத் தெரியும். எதிரே அண்ணாதுரையின் கழுத்து நரம்பு புடைத்தது. பிய்ந்த காது அசையாமல் இருந்தது.

"வந்துட்டேன்" என்றார் அண்ணாதுரை, யாருக்கோ.

ஹாதிக்கும் அன்று சோறு இறங்கவில்லை.